பேடனாக்கின் ஓநாய் ஆண்ட நிலம்: ஸ்காட்லாந்துப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: பர்த், டன்கெல்ட்

‘பேடனாக்கின் ஓநாய்’ எனப்படும் அலெக்சாந்தர் ஸ்டூவர்ட்டின் வாழ்க்கையைக் கல்லறையிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதற்கு ரயில் பாதைதான் காரணம். தெற்கிலிருந்து இன்வர்னஸ் போகும் ரயிலில் பர்த்துக்கு அடுத்த நிலையம் டன்கெல்ட். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, ஏறுமுன் பார்த்துக்கொள்ளவும். நிலையம் பர்னம் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து நடந்து, தாமஸ் டெல்ஃபோர்டு 1809இல் கட்டிய பாலத்தில் டே ஆற்றைக் கடந்தால் ஊர். நிதானமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடம்.

டன்கெல்ட் பேராலயம் பாதி இடிபாடு, பாதி புழக்கத்தில் உள்ள கோயில். மேற்குப் பகுதிக்குக் கூரை இல்லை. கிழக்குப் பகுதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கல்லறை அந்தக் கிழக்குப் பகுதியின் கடைசியில், மரத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தெரியாமல் போகிறவர்கள் தடுப்பு வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஞாயிறு வழிபாட்டு நேரத்திலும் திருமண நாட்களிலும் உள்ளே சுற்ற முடியாது. கட்டணம் இல்லை.

தடுப்பைத் தாண்டினால் முழுக் கவசம் அணிந்து மல்லாந்து கிடக்கும் கற்சிலை. சிதைந்திருக்கிறது. கல்வெட்டில் இறந்த ஆண்டு 1394 என்று இருப்பதை நம்ப வேண்டாம். 1405 வரை அவர் உயிரோடு இருந்ததற்கு ஆவணச் சான்று உண்டு. உடைந்த கல்லறையைப் பிற்காலத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், தேதியும் அப்படித்தான் கெட்டிருக்கும்.

யார் இவர்? 1343 வாக்கில் பிறந்தவர். தந்தை ராபர்ட் ஸ்டூவர்ட், 1371இல் இரண்டாம் ராபர்ட் என்ற பெயரில் அரசரானவர். தாய் எலிசபெத் மூர். ராபர்ட் புரூஸின் கொள்ளுப்பேரன். மூத்த அண்ணன் பின்னாளில் மூன்றாம் ராபர்ட்டாக முடிசூடினார். அடுத்த அண்ணன் ஃபைஃப் ஏர்ல் (ஏர்ல் என்றால் பெரும் பிரபு) பல ஆண்டுகள் நாட்டை உண்மையில் ஆண்டார். தம்பிக்குக் கிடைத்தது வடக்கு.

எல்ஜின் பேராலயத்தை எரித்ததற்காகவே நினைவில் நிற்கும் ஒருவருக்கு இன்னொரு பேராலயத்தில் கல்லறை எப்படி? பதில் பர்த்தில் இருக்கிறது. எல்ஜினை எரித்தபின் அங்கே டொமினிக்கன் துறவிகளின் மடத்துக் கோயிலில், அரசரும் ஏர்ல்களும் பார்த்திருக்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் பிஷப் வால்டர் டிரெயில் அவரை மன்னித்துத் திருச்சபைக்குள் மீண்டும் சேர்த்துக்கொண்டார். அந்த மடம் இன்று இல்லை. 1437இல் முதலாம் ஜேம்ஸ் கொலையானதும் இதே மடத்தில்தான். ரயில் மாறும் இடைவெளியில் அதைத் தேடி அலைய வேண்டாம். நேரம் மிஞ்சினால் டன்கெல்ட்டில் செலவிடலாம்.

இரண்டாம் நாள்: கிங்யூசி, ரிவன்

டன்கெல்ட்டிலிருந்து கிங்யூசிக்குச் சுமார் ஒரு மணி நேரம். வழியில் டிரமாக்டர் கணவாய். 452 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த இடம்தான் பிரிட்டனின் பிரதான ரயில் பாதைகளிலேயே மிக உயரமானது. இதைத் தாண்டி இறங்கினால் பேடனாக். தெற்கிலிருந்து வரும் எந்தப் படையும், வரி கேட்கும் எந்த அதிகாரியும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் வசதியாக வர முடியும். பதினான்காம் நூற்றாண்டில் இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அரசாணை பிடிக்கவில்லை என்றால், அதை இழுத்தடிக்க மலையே உதவும்.

கிங்யூசி நிலையத்திலிருந்து தெற்கே, ஸ்பே ஆற்றைக் கடந்து, ஏ9 நெடுஞ்சாலையின் மறுபக்கம் போனால் செங்குத்தான மேடு ஒன்று தெரியும். சுமார் ஒன்றரை கிலோமீட்டர். பெயர்ப் பலகையில் இருக்கும் எழுத்தைப் பார்த்து ரூத்வன் என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். உள்ளூரில் ‘ரிவன்’. நுழைவு இலவசம், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். குளிர்காலத்திலும் பனி உருகும்போதும் ஸ்பே கரை மீறி இன்ஷ் சதுப்பு முழுவதும் தண்ணீர் நிற்கும். சாலை பெரும்பாலும் தப்பிவிடும், வயல் குறுக்கு வழியை நம்ப வேண்டாம்.

இங்கே ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. மேட்டின் மேல் நிற்கும் கம்பீரமான சுவர்கள் ஓநாயின் கோட்டை இல்லை. 1719–21இல் ஹனோவர் வம்ச அரசு, பதவியிழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை ஆதரித்த ஜாக்கோபைட் கிளர்ச்சிக்காரர்களை அடக்கக் கட்டிய படைமுகாம் அது. அலெக்சாந்தரின் கோட்டையை 1451இல் மேற்குத் தீவுகளை ஆண்ட ‘தீவுகளின் பிரபு’ ஜான் மக்டானல்டு அழித்தார். அதன் இடத்தில் வந்ததும் 1689இல் நாசமானது. மிச்சம் இந்த மேடு மட்டும்தான். ஆனால் மேடே போதும். அதன் உச்சியில் நின்று பார்த்தால் ஆறு, கடவு, பள்ளத்தாக்கின் இரு முனை மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும்.

பேடனாக் அவருக்குக் கிடைத்தது 1371 மார்ச் 30, தந்தை முடிசூடிய சில நாட்களில். அது பழைய மரே ஏர்ல் நிலத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அடுத்த ஆண்டு மரே ஏர்ல் பதவி ஜான் டன்பாருக்குப் போனபோது பேடனாக், லாகாபர், அர்க்கட் மூன்றும் அதில் சேரவில்லை. டன்பார் அலெக்சாந்தரின் தங்கை கணவர். ஒரே குடும்பத்துக்குள் மலை ஒருவருக்கும் சமவெளி ஒருவருக்கும் போனது. 1372இல் வடக்கில் அரசப் பிரதிநிதி பதவியும் அலெக்சாந்தருக்கு வந்தது. 1382இல் ராஸ் நாட்டு உரிமைக்காரி யூஃபீமியாவை மணந்ததும் ராஸ் நிலம், கூடவே பக்கன் ஏர்ல் பட்டம். பிறகு ஃபோர்த் ஆற்றுக்கு வடக்கே தலைமை நீதிபதி. காகிதத்தில் பார்த்தால் பாதி ஸ்காட்லாந்து.

காகிதத்தை நிலமாக்குவதுதான் சிக்கல். மலைநாட்டில் பணப்புழக்கம் குறைவு. செல்வம் என்றால் மாடு, ஓட்ஸ். படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. ‘கேட்டரன்’ எனப்பட்ட இலகு ஆயுத மலைவீரர்களைக் குடியானவர் வீடுகளில் தங்கவைத்து, அவர்கள் சோற்றிலேயே வளர்ப்பதுதான் முறை. சொந்த நிலத்தில் இது ஒருவகை வரி. பக்கத்து நிலத்தில் இதுவே கொள்ளை. எல்லைக்கோடு எங்கே என்பதில் பிரபுவும் பிஷப்பும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. அலெக்சாந்தரைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை அவர் நேரில் செய்ததைப் பற்றியவை அல்ல, அவருடைய ஆட்கள் எங்கே தங்கினார்கள், எதைத் தின்றார்கள் என்பதைப் பற்றியவை. படையைக் கலைத்தால் அதிகாரம் போய்விடும், வைத்திருந்தால் புகார் பெருகும். இந்தப் பொறியிலிருந்து அவர் கடைசிவரை வெளியே வரவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு வழக்கு அவரைப் புரிந்துகொள்ள எல்ஜின் தீயைவிட அதிகம் உதவும். 1380 அக்டோபர் 10, கிங்யூசி அருகே நடுகற்கள் நின்ற இடத்தில் பேடனாக் பிரபுவாக அவர் நீதிமன்றம் கூட்டினார். நிலம் வைத்திருப்போர் அனைவரும் வந்து உரிமைப் பட்டயத்தைக் காட்ட வேண்டும். மரே பிஷப் அலெக்சாந்தர் பர் வந்தார், ஆனால் மன்ற எல்லைக்குள் கால் வைக்கவில்லை. வெளியே நின்று, “என் நிலத்தை நான் அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றேன், உமக்குக் கீழ்ப்பட்டவன் இல்லை” என்ற பொருளில் எதிர்ப்பைப் பதிவு செய்தார். எல்லைக்குள் நுழைந்தாலே மன்றத்தை ஏற்றதாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் ரிவன் கோட்டையின் பெரிய அறையில் அலெக்சாந்தர் இறங்கி வந்தார். பிஷப்புக்கு எதிரான பகுதிகளை மன்ற ஏட்டிலிருந்து நீக்கித் தீயிலிட்டார். சட்டத்தை மதித்துப் பின்வாங்கிய நாளும் அவர் வாழ்க்கையில் உண்டு.

உள்ளூர்க் கதையில் இதற்கு இடமில்லை. அதில் அவர் இதே கோட்டையில் கறுப்பு உடை அணிந்த அந்நியனோடு இரவெல்லாம் சதுரங்கம் ஆடுகிறார், அந்நியன் சாத்தான், விடிந்தால் ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். ‘ஓநாய்’ என்ற பெயரே பிற்காலத்தது. மலைநாட்டு கேலிக் மொழியில் அவர் ‘அலஸ்டர் மோர் மக் அன் ரீ’, அதாவது அரசரின் மகன் பெரிய அலெக்சாந்தர்.

மூன்றாம் நாள்: லாகின்டோர்ப்

லாகின்டோர்ப் ஏரித் தீவில் அலெக்சாந்தரின் இன்னொரு கோட்டை இருக்கிறது. இன்று கார் வேண்டும். ஏவிமோரிலோ இன்வர்னஸிலோ வாடகைக்கு எடுக்கலாம். கிரான்டவுனிலிருந்து ஏ939 சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் போய், ஏரிக்குத் திரும்பும் சிறு சாலையில் இடதுபக்கம் இறங்க வேண்டும். ஒரே வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் இடது பக்கத்து ஒதுங்கிடத்தில் நுழைந்து நிற்கவும். ஒதுங்கிடம் வலது பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்றால் போதும், எதிர்வண்டி உள்ளே நுழைந்து விலகும். ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவதுதான் இங்கே பயணிகள் செய்யும் பெரிய பிழை. பால்வண்டிக்காரர் முதல் தீயணைப்பு வண்டி வரை எல்லோருக்கும் அதே இடம்தான்.

சாலை ஏரியின் கிழக்குக் கரையோரம் போகிறது. கோட்டை நீரின் நடுவே, பாதி மனிதர் உருவாக்கிய தீவில் நிற்கிறது. காலையில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் எதிர்வெயில், சுவர் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். படகுச் சேவை கிடையாது. சொந்தக் கயாக் வைத்திருப்பவர்கள் போகிறார்கள். திறந்த முரநிலத்தில் (மரமில்லாத மேட்டுநிலம்) காற்று திடீரென்று எழும், நீர் கோடையிலும் உறையவைக்கும் குளிர். சுவர்களுக்குப் பராமரிப்பு இல்லை, அடியில் நிற்கக் கூடாது. காற்று நின்ற நாளில் இன்னொரு தொல்லை உண்டு, மே கடைசி முதல் செப்டம்பர் வரை மொய்க்கும் ‘மிட்ஜ்’ பூச்சி. முகவலை இரண்டு மூன்று பவுண்டுதான், வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

பேருந்து இல்லை. 1965இல் மூடிய ரயில் பாதையை ‘டாவா வே’ என்ற நடைபாதையாக்கியிருக்கிறார்கள், கிரான்டவுனிலிருந்து ஃபாரஸ் வரை 38 கிலோமீட்டர். நன்றாக நடப்பவருக்கு ஒரு நீண்ட நாள். ஆனால் அது ஏரிக்கரையைத் தொடாமல் போகிறது.

கோட்டையின் அமைப்பு எளிது. நான்கு பக்கச் சுற்றுச்சுவர், நான்கு மூலையிலும் வட்டக் கோபுரம். கட்டியவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு காமின் குடும்பம். 1303இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு இங்கே தங்கினார். 1336இல் உள்ளே முற்றுகையில் சிக்கிய அத்தால் சீமாட்டியை மீட்க மூன்றாம் எட்வர்டு படையோடு வந்தார். ஆங்கிலேய அரசர் இருவரைக் கண்ட கோட்டை, இன்று ஆடுகள்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

வரைபடத்தை விரித்தால் இந்த இடத்தின் மதிப்பு புரியும். தெற்கே ஸ்பே பள்ளத்தாக்கு அவருடையது. வடக்கே டாவா முரநிலம் சரிந்து இறங்கும் இடத்தில் ஃபாரஸ், அதற்குக் கிழக்கே எல்ஜின், மரேயின் வளமான தானியச் சமவெளி. கேட்டரன்களுக்கு ஃபாரஸ் ஒரு நாள் நடை. 1390இல் அவர் இங்கிருந்துதான் இறங்கினார் என்பது மரபு. நிலத்தைப் பார்த்தால் நம்பலாம்.

அலெக்சாந்தருக்குப் பின் கோட்டை டக்ளஸ் பிரபு குடும்பத்திடம் போய், 1455இல் அவர்கள் வீழ்ந்தனர். மறுஆண்டு அரசர் உத்தரவின்படி இதை இடிக்க காடர் பிரபுவுக்கு 24 பவுண்டு கொடுத்தார்கள். வாசலின் இரும்புக் கிராதிக் கதவை அவர் கழற்றிக்கொண்டு போனார். இன்றும் காடர் கோட்டையில் இருக்கிறது. கார் இருக்கும் நாளிலேயே அதையும் பார்த்துவிடலாம், குளிர்காலத்தில் மட்டும் அது மூடியிருக்கும்.

நான்காம் நாள்: ஃபாரஸ், எல்ஜின்

இன்வர்னஸ்–அபர்டீன் ரயிலில் இரண்டு ஊரும் அடுத்தடுத்த நிலையங்கள். ஃபாரஸில் ஒரு மணி நேரம் போதும். அலெக்சாந்தர் எரித்த செயின்ட் லாரன்ஸ் கோயில் போய்விட்டது. இப்போது நிற்பது இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம். ஊரின் கிழக்கு ஓரத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கும் 6 மீட்டருக்கும் மேலான ஸ்வேனோ கல் அவருக்கும் பல நூற்றாண்டு முந்தையது. அதற்காகவே இறங்குபவர்கள் உண்டு, இறங்கலாம்.

எல்ஜின் நிலையத்திலிருந்து பேராலயம் நடைதூரம், இருபது நிமிடத்துக்குள். கட்டணம் உண்டு. வேறு கோட்டைகளும் பார்ப்பதானால் அரசுத் தொல்லியல் துறையின் ‘எக்ஸ்ப்ளோரர் பாஸ்’ கணக்குப் பார்த்து வாங்கலாம். கல் விழும் அபாயத்துக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுகிறார்கள், இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

தேதிகளை வரிசையாக வைத்தால் நடந்தது தெளிவாகும். 1388 டிசம்பரில் அண்ணன் ஃபைஃப் ஏர்ல் நாட்டுக் காவலர், அதாவது அரசருக்குப் பதில் ஆள்பவர் ஆனார். அதே மாதம் அலெக்சாந்தர் தலைமை நீதிபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சபை சொன்ன காரணம், சமூகத்துக்குப் பயனற்றவர் என்பது. அவருக்குப் பதில் அந்த அண்ணனின் மகன் மர்டாக். 1389 நவம்பரில் மரே, ராஸ் பிஷப்புகள் இருவரும் சேர்ந்து, அலெக்சாந்தர் தான் கைவிட்ட மனைவி யூஃபீமியாவிடம் திரும்பிப் போக உத்தரவிட்டார்கள். 1390 பிப்ரவரியில் பிஷப் பர், இனித் தன் நிலங்களுக்குக் காவல் அலெக்சாந்தர் இல்லை, இன்வர்னஸ் ஷெரீஃப் தாமஸ் டன்பார் என்று ஒப்பந்தம் எழுதினார். இவர் சமவெளியை ஆண்ட ஜான் டன்பாரின் மகன், அலெக்சாந்தருக்கே மருமகன் முறை. ஏப்ரல் 19 தந்தை இறந்தார். மூத்த அண்ணன் முடிசூடியது ஆகஸ்ட் 14. நடுவில் நான்கு மாதம் முடிசூடிய அரசர் இல்லை. மே கடைசியில் ஃபாரஸ் எரிந்தது. ஜூன் 17 எல்ஜின்.

பிஷப் விதித்த திருச்சபை விலக்கால் வந்த கோபம் என்று சுற்றுலாப் பலகைகள் இதைச் சுருக்கிவிடுகின்றன. கோபம் இருந்திருக்கும். ஆனால் அடிபட்டது அவருடைய தொழில்: காவல் தருபவர் என்ற நிலை. அது போனால் படைக்குச் சோறில்லை. தன் காவல் இல்லாமல் மரேக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதைக் காட்ட, காவல் மாறிய நான்காம் மாதம் ஊரை எரித்துக் காட்டினார். கணக்காகப் பார்த்தாலும் அது மோசமான கணக்கு. எரித்தபின் எந்தப் பிஷப்பும் அவரிடம் திரும்பி வர முடியாது.

எரிந்தவை ஊர், செயின்ட் கைல்ஸ் கோயில், மெய்சன் டியூ மருத்துவமனை, குருமார்களின் பதினெட்டு மாளிகைகள், பிறகு பேராலயமும் அதன் நூல்களும் பட்டயங்களும். புதிய அரசருக்கு எழுதிய கடிதத்தில் பிஷப் பர், இது நாட்டின் அணிகலன், அந்நியரும் வியந்தது என்று புலம்பினார். இழப்பு பெரிது. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லா ஏடும் எரிந்தது என்று சொன்ன மறைமாவட்டத்தின் பட்டய நகலேடு இன்றும் இருக்கிறது. கிங்யூசி வழக்கும் காவல் ஒப்பந்தமும் நமக்குத் தெரிவது அதனால்தான். அலெக்சாந்தர் பக்கத்திலிருந்து அப்படி ஓர் ஏடு மிஞ்சவில்லை. அவரைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் எதிர்க்கட்சி வக்கீலின் கோப்பு.

கட்டடத்தில் எதை எப்படிப் பார்ப்பது? கிழக்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஐந்தாக நிற்கும் ஒல்லியான சன்னல்கள் 1270 தீக்குப் பின் கட்டியவை, 1390ஐத் தாண்டி நிற்பவை. தீ கல்லைவிடக் கூரை மரத்தையும் உள்ளிருந்த மரவேலையையும்தான் முதலில் தின்னும். கூரை எரிந்து விழும்போது தூண்களும் வளைவுகளும் அடிபடும். மேற்கு வாசலுக்கு வாருங்கள். பெரிய பழைய வளைவுக்குள் பிற்காலத்தில் செருகிய இரட்டைக் கதவு வளைவுகள் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள பாணி வித்தியாசம்தான் 1390. மேலே உள்ள பெரிய சன்னலும் பழுதுபார்த்த காலத்தது. எண்கோண சபை மண்டபத்தை ஒரே நடுத்தூண் தாங்குகிறது. அதைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிஷப் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் திருத்திக் கட்டினார். மேற்குக் கோபுரங்கள் சுமார் 27 மீட்டர். சுழற்படி குறுகல், முதுகுப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏறவும்.

இன்றைய இடிபாட்டுக்கு முழுப் பழியும் ஓநாய் மேல் விழுகிறது. அது தவறு. மூன்றாம் ராபர்ட் ஆண்டுக்கு 20 பவுண்டு கொடுத்தார், திருப்பணி பல பத்தாண்டு நடந்து, பேராலயம் மீண்டும் எழுந்தது. 1567இல் படைச் சம்பளத்துக்காகக் கூரையின் ஈயத்தை உரிக்க அரசு ஆணையிட்டது. மழை உள்ளே இறங்கியது. 1711இல் நடுக்கோபுரம் சரிந்தது. ஈயம் போன கூரை செய்த சேதம் கேட்டரன் தீவட்டியைவிடப் பெரிது. 1402இல் இந்த வளாகத்தைக் கொள்ளையடித்தவரும் இன்னொருவர்: தீவுகளின் பிரபுவின் தம்பி அலெக்சாந்தர். அவரும் இரண்டாம் ராபர்ட்டின் பேரன்தான், ஓநாயின் தங்கை மகன்.

ஐந்தாம் நாள்: ஃபோர்ட்ரோஸ்

இன்வர்னஸிலிருந்து கெசக் பாலம் வழியாகப் பேருந்து, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபோர்ட்ரோஸ் பேராலயத்தில் சிவப்புக் கல்லாலான தெற்குப் பகுதியும் தனியாக ஒரு சிறு கட்டடமும்தான் எஞ்சியிருக்கின்றன. கட்டணம் இல்லை. விதானம் வைத்த கல்லறைகளில் ஒன்று யூஃபீமியாவுடையது என்று கருதுகிறார்கள்.

1382இல் முதல் கணவர் வால்டர் லெஸ்லி இறந்த சில மாதங்களில் யூஃபீமியாவை அலெக்சாந்தர் மணந்தார். ராஸ் நிலத்துக்காக நடந்த திருமணம். அலெக்சாந்தரின் மகன்களைப் பெற்றவர் மாரியோட்டா என்ற வேறொரு பெண், கேலிக்கில் மரியாட். 1389 உத்தரவில் மீறினால் 200 பவுண்டு என்று பிணை எழுதினார்கள், பயனில்லை. 1392இல் அவின்யான் நகரிலிருந்த போப் திருமணத்தை ரத்து செய்தார். ராஸ் கையைவிட்டுப் போனது, பக்கன் பட்டம் மட்டும் நின்றது. பட்டம் படைக்குச் சோறு போடாது.

இன்வர்னஸுக்குத் திரும்பியபின் நேரமிருந்தால் ஃப்ரையர்ஸ் தெருவில் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். டொமினிக்கன் மடத்தின் ஒரே ஒரு தூண் அங்கே நிற்கிறது.

ஆறாம் நாள்: இன்வரூரி

அபர்டீன் ரயிலில் எல்ஜினைத் தாண்டிப் போனால் இன்வரூரி. ஊருக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் ஹார்லா போர்க்களம், நினைவுக் கோபுரம். நடக்கலாம், ஆனால் சாலையில் நடைமேடை எல்லா இடத்திலும் இல்லை, டாக்சி நல்லது.

1411 ஜூலை 24 இங்கே நடந்த போர் யூஃபீமியாவின் ராஸ் நிலத்துக்கானது. உரிமை கோரி வந்தவர் தீவுகளின் பிரபு டானல்டு. அவர் மனைவி யூஃபீமியாவின் மகள், தாய் ஓநாயின் தங்கை. எதிரே அபர்டீனைக் காக்க நின்ற படையின் தலைவர் மார் ஏர்ல் அலெக்சாந்தர் ஸ்டூவர்ட், மாரியோட்டா பெற்ற மகன். அவரும் இளமையில் அப்பாவைப்போலவே கேட்டரன்களை நடத்தியவர். 1404இல் மார் ஏர்ல் பட்டத்துக்கு உரிமைக்காரியான சீமாட்டியை மணந்து பட்டம் பெற்றார். டானல்டு மேற்கே திரும்பினார், மார் ஏர்ல், அரசரின் ஆளாக, வடக்கை 1435 வரை ஆண்டார். அப்பாவுக்குத் தெற்கு அரசவையில் ஆதரவு அறுந்துபோனது. மகன் முதலில் பெரியப்பா ஃபைஃபோடும் பிறகு முதலாம் ஜேம்ஸோடும் ஒத்துப்போனார். படை அதே படை, மலை அதே மலை.

இன்வரூரியிலிருந்து அபர்டீனுக்குச் சுமார் 25 நிமிடம். மாலை ரயில்களில் அலுவலகக் கூட்டம் இருக்கும்.